எழுந்த பிள்ளைக்குப் பசிக்கும்

பிப்ரவரி 3, 2026, செவ்வாய் மாலைத் திருப்பலி, ஜீவனஹள்ளி, பெங்களூரு
வாசகங்கள்: 2 சாமுவேல் 18–19, மாற்கு 5:21-43



இறந்து கிடந்த யாயிரின் மகள் எழுந்து நடந்தாள் என்பதோடு இந்த நற்செய்தியை நாம் மூடிவிடுகிறோம். மாற்கு அங்கே மூடவில்லை. பிள்ளை எழுந்ததும் இயேசு வீட்டாரிடம் இரண்டு காரியம் சொல்கிறார். நடந்ததை ஊருக்குச் சொல்ல வேண்டாம் என்பது ஒன்று. பிள்ளைக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்பது இன்னொன்று. வாசலில் ஒப்பாரி ஓய்ந்திருக்காது. பெற்றவர்கள் பிரமை பிடித்து நிற்கிறார்கள். கூட இருந்த பேதுரு, யாக்கோபு, யோவான் மூவருக்கும் வாயடைத்துப் போயிருக்கும். அந்த அறையில் அடுப்படி ஞாபகம் வந்தது ஒருவருக்குத்தான்.

மத்தேயு இதே நிகழ்ச்சியை எழுதும்போது சாப்பாட்டுப் பேச்சை விட்டுவிட்டார். மாற்கும் லூக்காவும் விடவில்லை. லூக்கா வைத்தியர் என்று கொலோசையர் திருமுகத்தில் இருக்கிறது. நோயாளி வீடுகளில் ஏறி இறங்கியவருக்கு அந்த ஒரு வாக்கியத்தின் கனம் தெரிந்திருக்கும். (அதே பகுதியில் வரும் இரத்தப்போக்குள்ள பெண் வைத்தியர் பலரிடம் போயும் நோய் முற்றிப்போனதே மிச்சம் என்று மாற்கு போட்டு உடைத்ததை, லூக்கா நாசூக்காகத் தவிர்த்துவிட்டார். தொழிற்பாசம் யாரை விட்டது!)

இன்று புனித பிளாசியுஸ் நினைவுநாள். தொண்டை ஆசீருக்காகவே லிங்கராஜபுரத்திலிருந்தும் காக்ஸ் டவுனிலிருந்தும் பலர் வந்திருக்கிறீர்கள். இன்றைய துருக்கியில் இருக்கும் செபாஸ்தே நகரத்தின் ஆயர் அவர். நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேதசாட்சியானவர். ஆயராகுமுன் வைத்தியம் பார்த்தவர் என்பது மரபு. சிறைக்குப் போகும் வழியில், மீன் முள் சிக்கிச் சாகக் கிடந்த ஒரு பையனை ஜெபித்துக் காப்பாற்றினார் என்ற கதை நமக்கு மனப்பாடம். அதோடு ஒட்டிய இன்னொரு கதை உண்டு. ஓர் ஏழைப் பெண்ணின் பன்றியை ஓநாய் தூக்கிப்போக, பிளாசியுஸ் அதை மீட்டுக் கொடுத்தாராம். அவர் சிறையில் இருந்தபோது அவள் தேடிப்போய் உணவும் மெழுகுவர்த்தியும் கொடுத்தாள். மெழுகுவர்த்தியை நாம் தொண்டை ஆசீருக்குப் பிடித்துக்கொண்டோம். அவள் கொண்டுபோன சாப்பாட்டைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

சாப்பாடு வயிற்றுக்கு இறங்கவே வழியில்லாமல், உணவுக்குழாய் பாதியில் நின்றுபோய்ப் பிறக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். குழாயின் மேல்பாதி மார்புக்குள் அடைபட்டு முடிந்திருக்கும். கீழ்ப்பாதி, பெரும்பாலான பிள்ளைகளுக்கு, மூச்சுக்குழாயில் போய் ஒட்டிக்கொண்டிருக்கும். 2,500 முதல் 4,500 பிறப்புகளுக்கு ஒன்று என்பது உலகக் கணக்கு. ஆண்டுக்கு இரண்டு கோடிக்கு மேல் குழந்தைகள் பிறக்கிற நம் நாட்டில் அது ஆயிரக்கணக்கில் வந்துவிடும். இவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இதயம், முதுகெலும்பு, சிறுநீரகம், ஆசனவாய் என்று வேறொரு குறையும் சேர்ந்தே இருக்கும்.

பிறந்த பிள்ளையின் வாயில் நுரை நுரையாக எச்சில் வழியும். துடைக்கத் துடைக்க வரும். முதல் பால் வைத்ததும் இருமி, புரையேறி, உதடு நீலம் பாய்ந்துவிடும். நர்ஸ் ஒரு மெல்லிய குழாயை வாய் வழியாக விட்டுப் பார்ப்பார். பத்து சென்டிமீட்டர் போல இறங்கியதும் அது மேற்கொண்டு போகாமல் சுருண்டுகொள்ளும். எக்ஸ்ரேயில் அந்தச் சுருள் அப்படியே தெரியும். அதன்பின் ஒரு சொட்டும் வாயில் போகக் கூடாது.

பாட்டிமார்களே, உங்களிடம் கொஞ்சம் நிற்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பிறந்த பிள்ளைக்குச் சேனை தொட்டு வைப்பது, சர்க்கரைத் தண்ணீர் விடுவது, தேன் தடவுவது, ஒரு சங்கு கழுதைப்பால் புகட்டுவது எல்லாம் நம் வீடுகளில் அன்போடுதான் நடக்கிறது. கோஷா ஆஸ்பத்திரியானாலும் பௌரிங் ஆனாலும், நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பியதும் முந்தானையிலிருந்து சின்ன பாட்டில் வெளியே வருமே, எனக்குத் தெரியாதா? நல்ல பிள்ளைக்கே அது வேண்டாம். குழாய் நின்றுபோன பிள்ளைக்கு அந்த ஒரு சங்கு நேரே நுரையீரலுக்குப் போகும். எச்சில் நுரையாக வழிகிறதென்றால் டாக்டர் வந்து பார்க்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். அந்த நேரத்தில் அதுதான் நீங்கள் செய்யக்கூடிய பெரிய அன்பு.

இனி பழி. குறையோடு பிள்ளை பிறந்தால் முதலில் திரும்புகிற விரல் அம்மாவை நோக்கித்தான். கிரகணத்தன்று வெளியே வந்தாயா, கத்தியைத் தொட்டாயா, என்ன சாப்பிட்டாய், யார் சாபம்? இதே கேள்வியைச் சீடர்கள் ஒரு பிறவிக் குருடனைக் காட்டி இயேசுவிடம் கேட்டார்கள்: பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா? யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் அவர் சொன்ன பதில் உங்களுக்குத் தெரியும். இரு தரப்பும் இல்லை. மருத்துவமும் அதையே வேறு விதமாகச் சொல்கிறது. மூச்சுக்குழாயும் உணவுக்குழாயும் கருவில் ஒரே குழாயாகத் தொடங்கி, நான்காவது ஐந்தாவது வாரத்தில் இரண்டாகப் பிரிகின்றன. அந்தப் பிரிவில் நேரும் பிசகுதான் இது. பல பெண்களுக்குத் தாங்கள் உண்டாகியிருக்கிறோம் என்பதே அப்போதுதான் தெரியவரும். பெரும்பாலான பிள்ளைகளுக்குக் காரணம் இன்னதென்று எந்த டாக்டராலும் சுட்டிக்காட்ட முடியாது. டாக்டரால் முடியாததை எதிர்வீட்டு அத்தையால் முடிகிறதென்றால், அந்த அத்தையைக் கொஞ்சம் தள்ளியே வையுங்கள்.

இந்தக் குறையை முதலில் எழுதிவைத்தவர் வில்லியம் டர்ஸ்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர், 1670-இல். 1697-இல் தாமஸ் கிப்சன் இன்னும் தெளிவாக எழுதினார்: பிள்ளைக்குப் பசி இருக்கிறது, ஆவலாக வாய் திறக்கிறது, ஆனால் வாயில் போட்டது இறங்கவில்லை. அதற்குப்பின் இருநூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மருத்துவர்களால் முடிந்ததெல்லாம் பக்கத்தில் நின்று பார்ப்பதுதான். 1939 நவம்பரில் அமெரிக்காவில் லாகன் லெவன், வில்லியம் லாட் இருவரும் தனித்தனியே ஒவ்வொரு பிள்ளையைப் பிழைக்க வைத்தார்கள். எப்படி? முதலில் வயிற்றில் துளையிட்டு, அதன் வழியாகப் பால் விட்டு, பிள்ளைகளை வளர்த்தெடுத்தார்கள். குழாய் வேலை பிற்பாடுதான். மார்பைத் திறந்து இரண்டு முனைகளையும் நேராகச் சேர்த்துத் தைத்து முதலில் வென்றவர் மிச்சிகனின் கேமரன் ஹைட், 1941-இல். அந்தப் பெண் குழந்தைக்குத் தையலில் கசிவு வந்தது, தானாக ஆறியது. பிறகு தைத்த இடம் சுருங்கியது, விரித்துவிட்டார்கள். எண்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு இன்றைக்கும் எந்தக் குழந்தைகள் வார்டுக்குப் போனாலும் அதே கசிவு, அதே சுருக்கம், அதே விரிவாக்கம்தான் பேச்சு.

பணக்கார நாடுகளில் இன்று இப்படிப் பிறக்கும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் பிழைத்துவிடுகிறார்கள். 2021-இல் லான்செட் இதழில், 74 நாடுகளின் 264 மருத்துவமனைகளில் பிறவிக் குடல்-வயிற்றுக் குறைகளோடு வந்த பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு வந்தது. உணவுக்குழாய்ப் பிள்ளைகளும் அதில் அடக்கம். இறந்தவர்கள், பணக்கார நாடுகளில் நூற்றுக்கு ஆறு பேருக்கும் குறைவு. நம்மைப் போன்ற நடுத்தர நாடுகளில் இருபது. ஏழை நாடுகளில் நாற்பது. பிள்ளை எங்கே பிறந்தது என்பதற்கு இவ்வளவு வித்தியாசம்.

முதல் வாசகத்தில் தாவீது நகர வாசலில் உட்கார்ந்திருக்கிறார். போர்க்களத்திலிருந்து ஓடிவருகிற ஒவ்வொருவரிடமும் வெற்றியா தோல்வியா என்று கேட்கவில்லை. தன் மகனைப் பற்றி, பையன் நலமா என்றே கேட்கிறார். ஜெயநகர் இந்திரா காந்தி குழந்தைகள் மருத்துவமனையிலோ, கோட்டைப் பக்கம் வாணி விலாஸிலோ, கோரமங்களா செயின்ட் ஜான்ஸிலோ ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், அந்தத் தாவீதைப் பார்ப்பீர்கள். பெயின்ட் அடிப்பவர், ஆட்டோ ஓட்டுபவர், ஐ.டி. கம்பெனிக்காரர், எல்லாருக்கும் அங்கே ஒரே முகம். ராஜாவுக்கும் அதே முகம்தான் இருந்திருக்கிறது.

கதவு திறக்கிறது. டாக்டர் வெளியே வந்து, குழாயைச் சேர்த்துவிட்டோம் என்கிறார். வீட்டில் ஸ்தோத்திரப் பாட்டு, விவேக்நகர் குழந்தை இயேசுவுக்கு ஒரு வியாழக்கிழமை நேர்ச்சை, தெருவெல்லாம் இனிப்பு. எல்லாம் சரி. அங்கேதான் நம் நற்செய்தியின் கடைசி வரி தொடங்குகிறது.

சேர்த்த குழாய் மற்றவர்களுடையதைப் போல வேலை செய்யாது. விழுங்கியதைக் கீழே தள்ளுகிற தசை இயக்கம் அதில் பலவீனமாகவே இருக்கும், பெரும்பாலும் ஆயுள் முழுக்க. வயிற்று அமிலம் மேலே ஏறிப் புண்ணாக்கும். அதனால்தான் முதல் ஓராண்டாவது அமிலத்தைக் குறைக்கும் மருந்து கொடுக்கச் சொல்கிறார்கள். எதுக்களிப்பு நின்றுவிட்டது என்று நாமே நிறுத்தக் கூடாது. தைத்த இடத்தின் தழும்பு, பாட்டியின் சுருக்குப்பைக் கயிற்றை இழுத்ததுபோல், மெல்ல மெல்லச் சுருங்கும். பால் குடிக்கும்போது தெரியாது. கெட்டியாக ஒன்று கொடுக்கிற நாளில்தான் தெரியும். அப்போது மயக்கம் கொடுத்து விரித்துவிட வேண்டும். சில பிள்ளைகளுக்கு ஒருமுறை, சிலருக்குப் பலமுறை.

இரண்டு முனைக்கும் இடைவெளி அதிகமாக இருந்தால் உடனே சேர்க்க முடியாது. சில பிள்ளைகளுக்கு மேல்முனையைக் கழுத்தில் ஒரு துளை வழியாக வெளியே வைப்பார்கள். வயிற்றில் ஊட்டுவதற்கு ஒரு குழாய் இருக்கும். இந்தப் பிள்ளையின் அம்மா செய்வதைப் பாருங்கள். ஒரு கையால் வயிற்றுக் குழாயில் சிரிஞ்சை உயர்த்திப் பிடித்துப் பாலை மெதுவாக இறக்குகிறாள். அதே நேரத்தில் பிள்ளையின் வாயிலும் கொஞ்சம் பால். பிள்ளை சப்புகிறது, ருசிக்கிறது, விழுங்குகிறது. விழுங்கியது கழுத்துத் துளை வழியாக வெளியே வந்து, அங்கே வைத்திருக்கும் துணியில் ஊறுகிறது. துணியை மாற்றுகிறாள். மறுபடி ஒரு ஸ்பூன். வீணாகப் போகிற பாலை எதற்கு வாயில் கொடுக்க வேண்டும் என்று கேட்காத மாமியார் இல்லை. காரணம் இருக்கிறது. வாயில் ருசி படுவதும் வயிறு நிறைவதும் ஒன்று என்று பிள்ளை இப்போதே பழகாவிட்டால், பிற்பாடு குழாயைச் சேர்த்த பின்னும் வாயைத் திறக்காது. ஸ்பூனைக் கண்டாலே ஓங்கரிக்கும். பசி என்றால் என்ன, வாய் எதற்கு என்பதை மாதக்கணக்கில் குழாயில் உண்ட பிள்ளை மறந்துவிடுகிறது. அந்தத் தாய் நாளுக்கு ஆறேழு தடவை, துணி துணியாக நனைத்து, தன் பிள்ளைக்குப் பசியைச் சொல்லிக்கொடுக்கிறாள். இதைவிடப் பெரிய மறைக்கல்வி வகுப்பை நான் பார்த்ததில்லை.

தாய்ப்பாலே நல்லது, அது நீங்கள் அறிந்ததே. பிள்ளை ஐ.சி.யு.வில், அம்மா பிரசவ வார்டில், இடையே எட்டுக் கிலோமீட்டர் என்றாலும் பாலைப் பிழிந்து அனுப்பலாம். சுரக்காத அம்மாக்களுக்குத் தாய்ப்பால் வங்கி இருக்கிறது. 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் ஆசியாவிலேயே முதலாவதைத் தொடங்கினார். நம் வாணி விலாஸிலும் அப்படி ஒன்று வந்துவிட்டது. பால் மிகுந்த தாய்மார் இங்கே இருந்தால் யோசியுங்கள்.

ஆறு மாதம் ஆகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை இட்லி சாப்பிடத் தொடங்கிவிட்டது. இந்தப் பிள்ளைக்கு எப்போது, என்ன, எவ்வளவு கெட்டியாக என்பதை டாக்டரும் உணவு ஆலோசகரும்தான் சொல்ல வேண்டும். மசித்தது, பிறகு குழைத்தது, பிறகு மெல்லிய கட்டிகள் என்று ஒவ்வொரு படியிலும் இவர்களுக்கு மற்றவர்களைவிட அதிக நாள் ஆகலாம். ஆனால் ஒரு விஷயத்தை நான் வீடு வீடாகப் போகும்போது திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். சிக்கிவிடுமோ என்ற பயத்தில் அம்மாக்கள் கஞ்சியில் தண்ணீர் ஊற்றுகிறார்கள், மேலும் ஊற்றுகிறார்கள். பிள்ளை கிண்ணம் கிண்ணமாகக் குடிக்கிறது, வயிறு பம்மென்று ஆகிறது, எடை மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. குடித்ததில் முக்கால்வாசி தண்ணீர்.

இதற்கு ஒரு வழி நம் அடுப்படியிலேயே இருக்கிறது. ராகியை ஊறவைத்து, துணியில் முடிந்து முளைகட்டி, காயவைத்து, லேசாக வறுத்து அரைத்த மாவைக் கர்நாடகத்துப் பாட்டிகள் எத்தனையோ தலைமுறையாகப் பிள்ளைகளுக்குக் காய்ச்சிக் கொடுக்கிறார்கள். முளைவிடும்போது தானியத்தில் ஒரு நொதி உண்டாகிறது; அது மாவுச்சத்தை உடைத்து இளக்கிவிடும். 1980-களில் பரோடா பல்கலைக்கழகத்தில் தாரா கோபால்தாஸும் அவருடைய குழுவினரும் இதை அளந்து காட்டினார்கள். கெட்டியாகக் காய்ச்சிய சூடான கஞ்சியில் ஒரு டீஸ்பூன் முளைமாவைக் கலந்தால் சில நிமிடங்களில் அது நீர்த்துவிடுகிறது, ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமலே. சத்து அப்படியே இருக்கும், தொண்டையில் இறங்குவதோ எளிது. வறுக்கும்போது கருக விட்டால் நொதி செத்துவிடும், அதைக் கவனியுங்கள். ராகியில் நூறு கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து வேறு. மேலே ஒரு டீஸ்பூன் நெய் விட்டால் அதுவே 45 கலோரி. பிள்ளையின் வயிறு சிறியது. ஒவ்வொரு ஸ்பூனும் வேலை செய்ய வேண்டும். கடையில் பளபளவென்று விற்கும் டப்பா மாவை வாங்கிக் கொடுக்காவிட்டால் மனசாட்சி உறுத்துகிறது என்கிறார்கள் சில அப்பாக்கள். உறுத்த வேண்டாம்.

வளர்ந்து தானே சாப்பிடும் வயதில் வேறு கவலை. பிரெட், சப்பாத்தி, பரோட்டா, மட்டன் துண்டு, ஆப்பிள், தோசையின் மொறுமொறு ஓரம் எல்லாம் இந்தக் குழாயில் நின்றுபோகும். சின்னச் சின்னதாக நறுக்கி, குழம்போ ரசமோ மோரோ விட்டு ஊறவைத்து, நேராக உட்கார்ந்து, மென்று, நடுநடுவே தண்ணீர் குடித்துச் சாப்பிடப் பழக்க வேண்டும். முழு வேர்க்கடலையும் முழுத் திராட்சையும் எந்தச் சின்னப் பிள்ளைக்கும் வேண்டாம்.

மீன் முள் சிக்கினால் நாம் என்ன செய்வோம்? ஒரு உருண்டை வெறும் சோற்றை விழுங்கு, ஒரு வாழைப்பழம் விழுங்கு என்போம். புனித பிளாசியுஸ் பெயரைச் சொல்லிக்கொண்டே உருட்டிக் கொடுக்கிற பாட்டியும் உண்டு. இந்தப் பிள்ளைகளுக்கு அது ஆகாது. ஏற்கெனவே சிக்கியதன்மேல் இன்னொன்றைத் திணிக்கிறோம். உணவு நின்றுவிட்டது, ஆனால் மூச்சு சீராக இருக்கிறது, பேசுகிறது, எச்சில் மட்டும் வழிகிறது என்றால் நிமிர்த்தி உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். மூச்சே அடைத்து, குரல் வராமல் போனால் கதை வேறு. ஒரு வயதுக்குட்பட்டதை முன்கையில் குப்புறப் போட்டு, தலையைத் தாழ்த்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து தட்டு. அப்புறம் திருப்பி மார்பின் நடுவே ஐந்து அழுத்து. அடைப்பு விலகும் வரை மாற்றி மாற்றி. கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவாதீர்கள். புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று உச்சந்தலையில் தட்டிச் சிரிப்பது நம் வழக்கம். இந்தப் பிள்ளைக்குச் சாப்பிடும்போதெல்லாம் புரையேறினால் யாரும் நினைக்கவில்லை; டாக்டரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

எடை விஷயத்துக்கு வருகிறேன். நம் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்கும்போது, எலும்பும் தோலுமா இருக்கே, சாப்பாடு போடறியா இல்லையா என்று சிரித்துக்கொண்டே கேட்கிறோம். கேட்டவர் மறந்துவிடுவார். கேட்கப்பட்ட அம்மா அன்று இரவு பிள்ளையைக் காலில் கிடத்தி, மூக்கைப் பிடித்துச் சங்கில் ஊற்றுவாள். அதில் ஒரு வாய் நெஞ்சுக்குள் இறங்கும். நெஞ்சுச்சளி, ஆன்டிபயாடிக், பத்து நாள் ஆஸ்பத்திரி, சேர்த்து வைத்த எடையும் போய்விடும். ஒரு வாய்ப்பேச்சு எங்கே போய் முடிகிறது பாருங்கள். அங்கன்வாடியில் தொங்குகிற வளர்ச்சி அட்டையின் கோடுகளை உலக சுகாதார நிறுவனம் 2006-இல் ஆறு நாட்டுப் பிள்ளைகளை அளந்து போட்டது; தில்லிப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். இந்தப் பிள்ளைகளில் பலர் முதல் சில ஆண்டுகள் அந்த அட்டையின் கீழ்க்கோட்டிலேயே ஊர்வார்கள். கோடு மேல்நோக்கிப் போகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அடுத்த வீட்டுப் பிள்ளையின் கன்னம் அந்த அட்டையில் கிடையாது.

இருமலும் அப்படித்தான். மூச்சுக்குழாய்ச் சுவர் மென்மையாக இருப்பதால் இவர்களுக்கு இருமினால் நாய் குரைப்பது போன்ற சத்தம் வரும். கேட்பதற்குப் பயமாக இருக்கும். அது தொற்றுநோய் இல்லை. எழுந்தேற்ற நேரத்தில் அந்தச் சத்தம் கேட்டதும் நாலு பெஞ்ச் திரும்பிப் பார்க்கிறது. ஒருவர் கர்சீப்பை மூக்கில் வைத்துக்கொள்கிறார். அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுகிறாள். அவள் வெளியே போக வேண்டியதில்லை. நாம் திரும்ப வேண்டியதும் இல்லை.

காசைப் பற்றியும் ஒரு வார்த்தை. பி.பி.எல். குடும்பத்துக்கு ஆயுஷ்மான் பாரத் – ஆரோக்கிய கர்நாடகா அட்டையில் ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை சிகிச்சைக்கு வழி உண்டு. அரசு 2013-இல் தொடங்கிய குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தில் பெயர் குறித்துச் சொன்ன பிறவிக் குறைகள் ஒன்பது. உணவுக்குழாய்க் குறை அதில் இல்லை. ஆகவே இந்தப் பிள்ளையை யாரும் வீடு தேடி வந்து பட்டியலில் சேர்க்கமாட்டார்கள். நாம்தான் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு விரிவாக்கத்துக்கும் மாநில அரசின் சக்தி திட்டத்தில் அம்மாவுக்குப் பஸ் இலவசம். அப்பாவின் அன்றைய கூலி போனது போனதுதான். முட்டை, நெய், பருப்பு எந்த அட்டையிலும் இந்தப் பிள்ளைக்கென்று தனியாக வராது. வின்சென்ட் தே பவுல் சபையார் இங்கே இருக்கிறீர்கள். அரிசி மூட்டையோடு ஒரு நெய் பாட்டிலையும் சேர்த்தால் கணக்கில் பெரிதாக இடிக்காது.

முதல் நற்கருணை வாங்கப் போகும் பிள்ளைகளின் பெற்றோருக்கு: அப்பம் உலர்ந்தது, மேலண்ணத்தில் ஒட்டும், இந்தக் குழாயில் நிற்கவும் நிற்கும். அந்தப் பயத்தால் தன் பிள்ளைக்கு நற்கருணையே வேண்டாம் என்று ஒதுங்கும் வீடு இருக்கக் கூடாது. ஒரு சிறு துணுக்கு போதும். அதில் ஆண்டவர் முழுமையாக இருக்கிறார். அதுவும் முடியாதென்றால், தேவையுள்ளவருக்கு இரசத்தின் வடிவில் மட்டும் கொடுக்கலாம் என்று திருச்சபைச் சட்டம் 925 சொல்கிறது. முன்னதாக என்னிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அவ்வளவுதான். அவசரத் திருமுழுக்குக்கும் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: பிறந்த பிள்ளை ஆபத்தில் இருந்தால் உங்களில் யாரும் கொடுக்கலாம், நர்ஸும் கொடுக்கலாம். நெற்றியில் சில துளி தண்ணீர் போதும். வாயில் ஒன்றும் வேண்டாம்.

தொண்டை ஆசீருக்குச் சின்னப் பிள்ளைகளும் கைக்குழந்தைக்காரரும் முதலில் வாருங்கள், பெரியவர்கள் வழி விடுங்கள். மெழுகுவர்த்திகளை ஏற்றாமல்தான் கழுத்தில் வைப்பேன். தையல் ஆறாத பிள்ளை, கழுத்துத் துளை உள்ள பிள்ளை என்றால் சொல்லிவிடுங்கள். தொடாமல் கையை உயர்த்தி ஆசீர் தருகிறேன். குழாயில் ஊட்டும் நேரம் வந்துவிட்டால் திருப்பலி முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். திருப்பொருள் அறைக்குப் போங்கள். அங்கே சாய்வு நாற்காலி ஒன்றும் ஒரு பிளாஸ்க் வெந்நீரும் வைக்கச் சொல்லியிருக்கிறேன். கதவைச் சாத்திக்கொண்டு நிதானமாக ஊட்டிவிட்டு வாருங்கள், நற்கருணையை அங்கேயே கொண்டுவருகிறேன்.